பலகை யாருக்காக? மென்பொருள் குழுக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

மென்பொருள் குழுக்களுக்குப் பயிற்சி அளிப்பது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அஜைல் முறைக்கு, அதாவது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக முடித்து அவ்வப்போது திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் முறைக்கு, மாறிய பிறகு முளைத்த தொல்லைகளைச் சொல்பவை. ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்துச் சுருக்கி, பதில் எழுதியிருக்கிறேன். தனிப்பட்ட விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் 9 பேர். காலையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் கூட்டம் 40 நிமிடத்துக்குக் குறைவதில்லை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒவ்வொருவரும் மேலாளரைப் பார்த்து ஒப்பிக்கிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காது கொடுப்பதில்லை. டைமர் வைத்துப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: “மேலாளரைப் பார்த்து” என்று எழுதியிருக்கிறீர்கள். மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டும் எவரும் சுருக்கமாகப் பேசமாட்டார். சுருக்கினால் வேலையே செய்யவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற அச்சம், அரை நாள் வேலையைக்கூட ஐந்து வாக்கியங்களாக இழுக்க வைக்கும். டைமர் அந்த அச்சத்தைப் போக்காது. வேகமாக ஒப்பிக்க மட்டுமே பழக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு, அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு 15 நிமிடம்தான் தருகிறது. கூட்டத்தின் நோக்கம், ஸ்பிரின்டின் (சில வாரங்கள் கொண்ட ஒரு வேலைச் சுற்றின்) இலக்கை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டு, அன்றைய திட்டத்தைத் திருத்திக்கொள்வது. நீங்கள் சொல்லும் மூன்று கேள்விகள் ஒரு காலத்தில் அந்தக் கையேட்டில் இருந்தவைதான். அவை சடங்காகிப்போன நிலையில் 2020 பதிப்பில் அவற்றைக் காணோம். ஆனால் பல குழுக்களில் அவை இன்னும் மந்திரம்போல் ஓதப்படுகின்றன.

ஆட்களை வரிசையாகப் பேசவிடுவதை நிறுத்திவிட்டு, எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இடமிருந்து வலமாகக் காட்டும் பலகையில் உள்ள வேலைகளை வரிசையாக எடுத்துப் பேசுங்கள். வலது கோடியிலிருந்து, அதாவது முடிவை நெருங்கிவிட்ட வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இது இன்று முடிய வேண்டுமானால் யார் கை கொடுக்க வேண்டும்? முதல் வாரம் இது செயற்கையாகத் தோன்றும். இரண்டாம் வாரத்தில், “அந்த கோட் ரிவ்யூவை நான் மதியத்துக்குள் பார்த்துத் தருகிறேன்” என்பது போன்ற பேச்சு எழத் தொடங்கினால் கூட்டம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கூட்டத்தை நடத்துபவருக்கு ஒரு பழைய உத்தி உண்டு. ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், நீங்கள் பார்வையைப் பலகைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். கேட்பவர் கண் கிடைக்காதபோது, பேசுபவர் தானாகவே சக ஊழியர்கள் பக்கம் திரும்பிவிடுவார். மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். இரண்டொரு நாளில் எல்லாருக்கும் பழகிவிடும்.

மேலாளரைப் பொறுத்தவரை, “நீங்கள் வராதீர்கள்” என்று சொல்வதால் பகைதான் மிஞ்சும். அவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர். அந்தத் தேவைக்கு வேறொரு வழியைக் காட்டிவிட்டு, அதன் பிறகு காலைக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும்படி தனிமையில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பிரிவில் 4 குழுக்கள். ஒவ்வொரு ஸ்பிரின்டின் முடிவிலும் குழுக்களின் வெலாசிட்டியை (அந்த ஸ்பிரின்டில் முடித்த வேலைகளின் மொத்தப் புள்ளிகளை) ஒரே வரைபடத்தில் போட்டு மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். எங்கள் எண் 34. பக்கத்துக் குழுவின் எண் 70. நாங்கள் சோம்பேறிகள் என்று பெயராகிவிட்டது. அடுத்த காலாண்டில் 20 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று இலக்கும் வந்திருக்கிறது. எப்படி உயர்த்துவது?

பதில்: உயர்த்துவது மிக எளிது. இதுவரை 3 புள்ளி போட்ட வேலைக்கு 5 போடுங்கள், இலக்கைத் தாண்டிவிடுவீர்கள். பக்கத்துக் குழு இதைத்தான் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வேறு அளவுகோலை வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. ஒருவர் முழத்தால் அளந்ததையும் இன்னொருவர் சாணால் அளந்ததையும் அருகருகே வைத்து எது நீளம் என்று கேட்பதுபோல்தான் இந்த வரைபடம்.

வேலையின் அளவைக் குறிக்கும் இந்தப் புள்ளி, அதாவது ஸ்டோரி பாயிண்ட், எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். 1990-களின் பிற்பகுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை உருவாக்கியவர்கள், ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை, குறுக்கீடே இல்லாத “இலட்சிய நாள்” கணக்கில் மதிப்பிட்டார்கள். நடைமுறையில் அது ஏறத்தாழ மும்மடங்கு நாட்களை விழுங்கியது. ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் என்று வெளியிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்ததால், “நாள்” என்ற சொல்லை விட்டுவிட்டு “புள்ளி” என்று சொல்லத் தொடங்கினார்கள். இதை விவரித்தவர் அந்த முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ். ஸ்டோரி பாயிண்டைத் தானே கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பிற்காலத்தில் அவரே எழுதினார். புள்ளி என்பது ஒரு குழு தனக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த குறியீடு. அது அந்த அறையைவிட்டு வெளியே போனதிலிருந்துதான் வினை தொடங்கியது.

இங்கிலாந்துப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல், நாணயக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது, கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவைப் பிடித்து அழுத்தினால் அதுவரை அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்று சுட்டிக்காட்டினார். ஓர் அளவு இலக்காக மாறியதும் நல்ல அளவாக இருப்பது நின்றுவிடுகிறது என்ற வடிவில் அது இன்று சொல்லப்படுகிறது. வெலாசிட்டியைப் போல இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது; ஏனென்றால் அளக்கப்படுபவர்களே அளவுகோலையும் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதை உங்கள் மேலிடத்தைக் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. பயிற்றுநராக என் தொடக்க ஆண்டுகளில், ஆர்வக் கோளாறால், இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை அருகருகே சுவரில் ஒட்டியவன் நான்தான். ஆரோக்கியமான போட்டி என்று நினைத்தேன். இரண்டு எண்களும் ஏறின. வாடிக்கையாளர் கைக்குப் போன வசதிகள் முன்பிருந்த அளவிலேயே இருந்தன. கூடவே, இரண்டு குழுக்களும் ஒன்றுக்கொன்று உதவுவதை நிறுத்தியிருந்தன. உதவி செய்த நேரத்துக்குப் புள்ளி கிடையாது அல்லவா? அந்தத் தாளை நானே கிழித்தெடுத்தேன், ஆனால் குழுக்களுக்கிடையே பழைய பழக்கம் திரும்பப் பல மாதங்கள் ஆயின.

மேலிடத்துக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது “இந்த வசதி எப்போது வெளிவரும்” என்பதாகவே இருக்கும். அதற்குப் புள்ளி தேவையில்லை. கடந்த 8 ஸ்பிரின்ட்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை வேலைகள் முழுதாக முடிந்தன என்று எண்ணுங்கள். மிகக் குறைவாக 5, மிக அதிகமாக 9 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமிருப்பது ஏறத்தாழ ஒத்த அளவுள்ள 36 வேலைகள் என்றால், 4 முதல் 8 ஸ்பிரின்ட்களில் முடியலாம் என்று வீச்சாகச் சொல்லுங்கள். ஒற்றைத் தேதியைக் கேட்டு வற்புறுத்தினாலும் வீச்சையே சொல்லுங்கள். வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து பயனாளர் கைக்குப் போகும் நாள்வரை எத்தனை நாள் ஆகிறது என்பதையும் சேர்த்துக் காட்டினால், 34-க்கும் 70-க்கும் இடையிலான சண்டையில் அவர்களுக்கே ஆர்வம் குறையக்கூடும். குறையாவிட்டால் குழுக்களின் தலைவர்கள் நால்வரும் சேர்ந்து போய் அந்த வரைபடத்தை நிறுத்தக் கேளுங்கள். தனியாகப் போனால் எண் குறைந்தவரின் சாக்குப்போக்காகவே அது கேட்கும்.

கேள்வி: அஜைல் என்றால் ஆவணம் எதுவும் எழுதத் தேவையில்லை என்று எங்கள் மூத்த நிரலாளர் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளை மேலாக மதிக்கிறோம் என்றுதான் இருக்கிறது. அதே பக்கத்தில், வலப்புறம் உள்ளவற்றுக்கும் (ஆவணங்கள் அந்தப் பக்கம்தான்) மதிப்பு உண்டு என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிவரை படிப்பவர்கள் குறைவு. ஆறு மாதம் கழித்து அந்த நிரலைத் திருத்தப்போகிறவருக்கு எது தேவைப்படுமோ அதை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் 8 பேர், இரண்டு வார ஸ்பிரின்ட். ஒவ்வொரு முறையும் பாதி வேலை முடியாமல் அடுத்த ஸ்பிரின்டுக்குப் போகிறது. இப்போது பலகையில் 12 வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. வாரத்துக்குச் சராசரியாக 3 வேலைகள் முடிகின்றன. கடைசி இரண்டு நாட்களில் டெஸ்டிங் செய்பவர்கள்மேல் எல்லாம் வந்து குவிகிறது. இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா?

பதில்: எண்களோடு எழுதியதற்கு நன்றி. உங்கள் எண்களே விடையைச் சொல்கின்றன. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு தேற்றம், வரிசையில் நிற்கும் எதற்கும் பொருந்துவது: நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, அவை முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்பது கிடைக்கும். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 வாரம். இரண்டு வார ஸ்பிரின்டில் 4 வாரம் எடுக்கும் வேலை முடியாமல் போவதற்கு யாருடைய உழைப்பையும் குறை சொல்ல முடியாது. அதே வேகத்தில் ஒரே நேரத்தில் 6 வேலைகள் மட்டும் நடந்தால் ஒவ்வொன்றும் 2 வாரத்தில் முடியும். 4 வேலைகள் என்றால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

“8 பேர் இருக்கும்போது 4 வேலை மட்டும் நடந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களே” என்பதுதான் உடனே எழும் மறுப்பு. இருவர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யலாம். நிரல் எழுதுபவர் டெஸ்டிங்கில் உதவலாம். சற்று நேரம் சும்மா இருந்தாலும் குடி முழுகிவிடாது. எல்லாரும் எப்போதும் மும்முரமாக இருக்கும் குழுவில்தான் ஒருவருக்கு உதவ இன்னொருவருக்கு நேரமிருக்காது. அங்கேதான் வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும்.

டெஸ்டிங் கடைசியில் குவிவதும் இதே நோயின் இன்னொரு முகம். முதல் வாரம் வடிவமைப்பு, அடுத்து நிரல், கடைசி இரண்டு நாள் சோதனை என்று பிரித்துக்கொண்டால், பழைய வாட்டர்ஃபால் முறையையே இரண்டு வாரத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். முதல் வேலை மூன்றாம் நாளிலேயே டெஸ்டிங்குக்குப் போகும்படி வேலையைச் சிறிதாக நறுக்குங்கள். நறுக்குவது எளிதன்று, பயிற்றுநரின் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும். திரை, சர்வர், டேட்டாபேஸ் என்று அடுக்கடுக்காகப் பிரிக்காமல், பயனாளருக்கு ஏதோ ஒன்றை முழுதாகச் செய்து தரும் மெல்லிய துண்டாகப் பிரிக்கப் பழக்குங்கள். ரிப்போர்ட் வசதி ஒன்று வேண்டுமென்றால், தேர்வுகள் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு ரிப்போர்ட்டை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு முதலில் முடிக்கலாம். தேதி வாரியாகத் தேர்வது அடுத்த துண்டு.

ஆள் சேர்ப்பது பற்றி: தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் உங்கள் 8 பேரிடமிருந்துதான் போகும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளைக் குறைத்து மூன்று ஸ்பிரின்ட் பார்த்த பிறகு இந்தக் கேள்வியைத் திரும்ப எடுங்கள்.

கேள்வி: ஸ்பிரின்ட் முடிந்ததும் அதைத் திரும்பிப் பார்க்கும் எங்கள் ரெட்ரோ கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் சென்ற முறை சொன்ன அதே குறைகள்தாம். பிரிவுத் தலைவரும் கலந்துகொண்டு ஊக்கப்படுத்துகிறார். ஒரு ஸ்பிரின்ட் விட்டு ஒரு ஸ்பிரின்ட் நடத்தலாமா என்று யோசிக்கிறோம்.

பதில்: பிரிவுத் தலைவர் ஊக்கப்படுத்துகிறார் என்ற வரியைப் படித்ததும் புன்னகை வந்தது. உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் எதிரில் இருக்கும்போது “நான் அவசரப்பட்டு ரிலீஸ் செய்ததால்தான் அந்த பக் வந்தது” என்று யார் சொல்வார்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொல்லமாட்டார்கள்.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன. நல்ல குழுக்கள் கூடுதலாகத் தவறு செய்கின்றன என்று இதற்குப் பொருளில்லை. அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். 1996-இல் வெளியான அந்த ஆய்வை ரெட்ரோவில் நிலவும் அமைதியோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒருவருமே குறை சொல்லாத குழுவைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

ஆகவே பிரிவுத் தலைவர் வர வேண்டாம். அதற்குப் பதில், குழு விரும்பி அனுப்பும் ஒரு கோரிக்கைக்கு ஒரு வாரத்துக்குள் “ஆம்” என்றோ “முடியாது, காரணம் இது” என்றோ பதில் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்கட்டும். அது அவர் வந்து அமர்வதைவிடப் பெரிய ஊக்கம். அதே குறைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு, சென்ற முறை சொன்னதால் எதுவும் மாறவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பது அரிது. 12 தீர்மானங்கள் எழுதுவதை விட்டுவிட்டு, குழுவே தன் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற வேலைகளோடு அதையும் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த ரெட்ரோவின் முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கட்டும். இடைவெளியை இரட்டிப்பாக்குவது இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: நிரல் எழுதிப் பழக்கமில்லாத நான், குழு ஸ்க்ரம் முறையைப் பின்பற்ற உதவும் ஸ்க்ரம் மாஸ்டராக ஓராண்டு முடித்திருக்கிறேன். கூட்டங்கள் எல்லாம் குறித்த நேரத்தில் ஒழுங்காக நடக்கின்றன. ஆனாலும் தொடக்கத்தில் இரண்டு நாளில் முடிந்த வகையான மாற்றங்களுக்கு இப்போது ஒரு வாரம் ஆகிறது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறினீர்கள் என்பதைவிட, உங்களுக்குப் பாதிதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதே பொருந்தும். ஸ்க்ரம் என்பது வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டகம். நிரலை எப்படி எழுத வேண்டும் என்று அது சொல்வதில்லை. சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தானியங்கிச் சோதனை, தினமும் பலமுறை நிரலை ஒன்றிணைத்தல், அவ்வப்போது நிரலைச் சீர்படுத்துதல் போன்ற பழக்கங்களை விட்டுவிட்ட குழுக்கள் முதலில் வேகமாகவும் பிறகு தள்ளாடியும் நடப்பதை மார்ட்டின் ஃபவுலர் 2009-லேயே விவரித்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது காட்டியாக வேண்டும் என்ற அழுத்தம், சீர்படுத்தும் வேலையை ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட வைக்கும். வார்டு கன்னிங்ஹாம் 1992-இல் இதைக் கடனுக்கு ஒப்பிட்டார். நீங்கள் இப்போது பார்ப்பது வட்டி.

நிரல் தெரியாதது தடையில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். கடைசி மூன்று மாற்றங்களில் எதற்கு அதிக நேரம் போனது என்று அவற்றைச் செய்தவர்களிடமே தனித்தனியாகக் கேளுங்கள். எந்தக் கோப்பைத் தொட அவர்கள் அஞ்சுகிறார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பைச் சுற்றிச் சோதனைகள் எழுதுவதை அடுத்த ஸ்பிரின்டில் ஒரு வேலையாக வைக்கும்படி, எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனரிடம் வாதாடுவது உங்கள் பணி. “கடன்” என்ற சொல் அவரிடம் எடுபடாது. சென்ற ஆண்டு இரண்டு நாள், இந்த ஆண்டு ஒரு வாரம் என்ற உங்கள் கணக்கை அப்படியே அவர் முன்னால் வையுங்கள். பழக்கங்களைக் கற்றுத்தர, குழுவில் ஏற்கெனவே நன்றாகச் செய்யும் ஒருவரை மற்றவரோடு ஒரே கணினியில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஒரு பயிற்றுநர் ஒரே குழுவோடு எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? நான் 14 மாதமாக ஒரே குழுவோடு இருக்கிறேன். விலகினால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: நாள் கணக்கு சொல்ல முடியாது, சோதித்துப் பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு வாரம் காலைக் கூட்டங்களுக்குப் போகாதீர்கள். அடுத்த வாரம் திட்டமிடும் கூட்டத்தையும் தவிருங்கள். திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று விசாரிக்காமல் பலகையை மட்டும் பாருங்கள். வேலைகள் நகர்ந்திருந்தால் ரெட்ரோவையும் குழுவில் ஒருவரே நடத்தட்டும். அவர் உங்கள் பாணியில் நடத்தாமல் வேறு மாதிரி நடத்தினால் திருத்தாதீர்கள். எல்லாம் நின்றுபோயிருந்தால், 14 மாதமும் குழு செய்ய வேண்டிய எந்த வேலையை நீங்களே செய்துகொண்டிருந்தீர்கள் என்பது அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் வாரம், நீங்கள் வராதிருந்ததை யாருமே குறிப்பிடவில்லை என்றால் சற்று மனம் வலிக்கும். அன்றைக்கே மேலாளரைப் பார்த்து அடுத்த குழு எது என்று கேட்டுவிடலாம்.